எழுத்துக் கரை

பாரிசின் லா சப்பலில், ரூ காய் தெருவில் வரதராசாவின் கடைக்கு இரண்டு சுவர்கள். வலது சுவர் சேலைகளுக்கு. இடது சுவரில் முந்தி சூட்கேசுகளும் பிளாஸ்டிக் மாலைகளும் தொங்கின. போன மாரிக்குப் பிறகு அதில் ஆபிரிக்கத் துணி அடுக்கியிருக்கிறது. அந்தச் சுவர் அவருடைய மனைவி பூரணியுடையது.

அதற்கு முன்னர் அவள் லா டிஃபோன்சில் மெனாஜ் என்கிற துப்புரவு வேலை செய்தாள். விடிவதற்கு முன் எழும்பி, முதல் மெத்ரோ பிடித்து, ஆட்கள் வருவதற்குள் கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வர வேண்டும். முழங்கால் இரண்டும் தேய்ந்து போயின. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கப் பழகிக்கொண்டாள். பின்னேரங்களில் கடையில் உதவிக்கு நிற்கும்போது, மரவள்ளிக் கிழங்கும் வெண்டிக்காயும் வாங்க லா சப்பலுக்கு வருகிற ஆபிரிக்கப் பெண்கள் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போவதைக் கவனித்தாள். சேலையைப் பார்க்கிறார்கள், வாங்க மாட்டார்கள். அவர்களுக்கு ஏற்ற துணியை வைத்தால் வாங்குவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வரதராசா சிரித்தார். ஆனாலும் சுவரைக் கொடுத்தார்.

முதலில் மலிவான அச்சுத் துணிதான் போட்டாள். அது ஓடியது. பிறகு மதாம் தெரேஸ் வந்தார்.

மதாம் தெரேஸ் தோகோ நாட்டவர். பாரிசுக்கு வெளியே சார்செலில் இருக்கிறார். ஆஸ்பத்திரிச் சமையலறை ஒன்றில் வேலை. அவருடைய தாய் லோமேயில் இறந்து ஒரு வருடம் முடியப்போகிறது. துக்கம் கழிக்கிற அந்த நாளில் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே துணியில் உடுப்புத் தைத்துப் போட வேண்டும். அவருக்கு மலிவுத் துணி வேண்டாம். ஒல்லாந்தில் அடிக்கிற, வக்ஸ் என்கிற அசல் மெழுகச்சுத் துணிதான் வேண்டும். கடும் நீலத்தில் மஞ்சள் வளையங்கள் போட்ட ஒரு வடிவத்தைப் படத்தில் காட்டினார். பூரணி இதை ஆட்டைத்திவசம் என்று விளங்கிக்கொண்டாள். மகள் லக்சிகாவைக்கொண்டு அதை அடிக்கிற தொழிற்சாலையோடு கதைத்து, அவர்களுடைய துணியை விற்கிற கடைகளில் ஒன்றாகத் தங்கள் கடையையும் சேர்த்துக்கொண்டாள். அந்தத் தொழிற்சாலைத் துணி அவள் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

பெட்டிகளைப் பிரித்து ஒன்றை விரித்தபோது இரண்டு கரையிலும் நீளத்துக்கு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையின் பெயர், உத்தரவாதம் என்று ஏதோ, ஓர் இலக்கம். பூரணி அதை விரலால் தடவிப் பார்த்தாள். துணியோடு சேர்ந்த மை. கழுவினாலும் போகாது.

அன்றிலிருந்து கடை பூட்டிய பிறகு பின்னறைத் தையல் மெஷினில் இருந்தாள். எழுத்து இருந்த கரையைக் கத்தரித்தாள். வெட்டிய இடத்தை மெல்லிசாக மடித்து ஓரம் அடித்தாள். சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுப்பதில் அந்தக் கடைக்கு ஒரு பெயர் இருந்தது. அதைவிடச் சின்னத் தையலாக இதை அடித்தாள். எல்லாவற்றையும் ஸ்திரிக்கை போட்டு மடித்து அடுக்கினாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

துணி எடுக்க வந்த மதாம் தெரேஸ் முதல் மடிப்பைத் தூக்கி, பெருவிரலைக் கரையில் வைத்து ஓட்டினார். நடுவில் நின்றார். மற்றக் கரையைப் பார்த்தார். அடுத்த துணியை எடுத்தார். அதற்கடுத்ததையும்.

“எழுத்து எங்கே?” என்று கேட்டார்.

பூரணி சிரித்தபடி, கையால் கத்தரிக்கோல் போலக் காட்டி, தையலைக் காட்டினாள். வடிவு, அழகு என்பதற்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னாள். மதாம் தெரேஸ் துணிகளை எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப வைத்தார். குரலை உயர்த்தவில்லை. இந்தத் துணியை நான் என் குடும்பத்துக்கு முன்னால் கொண்டுபோக முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

லக்சிகா வேலையால் வந்து விசாரித்த பிறகுதான் விஷயம் தெளிவானது. அந்த எழுத்து இருந்தால்தான் அசல். தைக்கிறவர்கள்கூட அதை வெட்டாமல், பாவாடை விளிம்பில் தெரியும்படி விட்டுத் தைப்பார்களாம். எழுத்தில்லாத துணி கள்ளத் துணி.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது வரதராசா சொன்னார்.

“தவம் கேட்டுக்கொண்டிருக்கிறான். போன் திருத்திற கவுண்டர் போட அந்தச் சுவர் போதுமாம்.”

தவரத்தினம் அவருடைய தங்கையின் கணவன். திரான்சியில் இருக்கிறார்.

“அப்ப நான்?” என்றாள் பூரணி.

“நீ என்ன. உன்ரை பழைய மெனாஜ் முதலாளி இப்பவும் ஆள் தேடுறாராம்.”

பூரணி கோப்பையைக் கழுவப் போனாள். லக்சிகா தகப்பனைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பார்த்தார். இந்த ஓடர் கைவிட்டுப் போனால் சுவர் போகும், சுவர் போனால் பூரணி விடியற்காலை மெத்ரோவுக்குத் திரும்ப வேண்டும்.

லக்சிகா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மருந்துப் பெட்டிகளைப் போலவே எதையும் ஒழுங்காக அடுக்கி யோசிப்பாள். தொழிற்சாலைக்குப் போன் எடுத்துக் கதைத்தாள். கரையில் திரும்ப எழுத்து அடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். பார்க்காமல் சொல்ல முடியாது, பொருளோடு வாருங்கள், செவ்வாய்க்கிழமை பார்வையாளர்களை விடுகிற நாள் என்றார்கள். இதைச் சொல்ல மதாம் தெரேசை அழைத்தபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். என்ன பதில் சொல்கிறார்கள் என்று தன் காதால் கேட்க வேண்டுமாம். அவருடைய தாய் லோமே சந்தையில் வாழ்நாள் முழுக்க அந்தத் துணிதான் விற்றாராம். அது எங்கிருந்து வருகிறது என்று அவரும் பார்த்ததில்லை, மகளும் பார்த்ததில்லை.

செவ்வாய் விடியுமுன் வான் வண்டியின் பின்னால் துணிப் பெட்டிகளை ஏற்றினார்கள். முன்னால் வரதராசாவும் லக்சிகாவும். நடுச் சீட்டில் பூரணியும் மதாம் தெரேசும், இடையில் சாப்பாட்டுப் பைகள். வடக்கே போகப் போக மழை. பீற்றூட் வயல்கள் சேறாகக் கிடந்தன. காற்றாலைக் கம்பங்களின் மேல்பாதி முகிலுக்குள் இருந்தது.

வரதராசா தமிழில் கதையைத் தொடங்கினார். வழக்கமாக அவர் சொல்லும் சொல் ஒன்று வாயில் வர, லக்சிகா திரும்பிப் பார்த்தாள். அவர் அதை விழுங்கிவிட்டு, ஆபிரிக்க ஆக்கள் என்று திருத்திக்கொண்டார்.

“இந்த ஆபிரிக்க ஆக்களுக்கு ஒரு துணியிலை எழுத்து இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன. உடுக்கிறதுக்குத்தானே.”

“அப்பா, உங்கடை கூறைச் சேலையிலை சரிகை இல்லாட்டி எடுப்பியளோ?”

“சரிகை வேறை. எழுத்து வேறை.”

“அவைக்கு அதுதான் சரிகை.”

“அப்ப உன்ரை கொம்மாவிட்டைக் கேள், ஏன் வெட்டினவ எண்டு. நான் கேட்டால் வாயைத் திறக்கிறா இல்லை.”

பூரணி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மதாம் தெரேஸ் என்ன கதை என்று கேட்டார். சாப்பாட்டுக்கு எங்கே நிற்பது என்று கதைக்கிறோம் என்றாள் லக்சிகா.

பெல்ஜியத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றார்கள். மழைக்கு வானுக்குள்ளேயே இருந்து சாப்பிட்டார்கள். பூரணி புட்டும் முட்டைப் பொரியலும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மதாம் தெரேஸ் ஒரு பெட்டியில் பொரித்த வாழைப்பழமும் மிளகாய்க் குழம்பும். புட்டை அவர் விரலால் பிசைந்து, தங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, ஆனால் அது மரவள்ளியில் என்றார். வரதராசா வாழைப்பழத்தைத் தொடர்ந்து எடுத்துச் சாப்பிட்டார். இது ஆபிரிக்காவிலிருந்து வருகிறதா என்று லக்சிகாவைக் கேட்கச் சொன்னார். மதாம் தெரேஸ் இல்லையென்று தலையாட்டிவிட்டு, உங்கள் தெருவில்தான் வாங்கினேன், கோயில் படம் போட்ட கடையில் என்றார். வரதராசாவுக்கு அந்தக் கடைக்காரரைத் தெரியும். அவரிடம் இனி வாழைப்பழத்துக்கு விலைக்கழிவு கேட்பேன் என்றார். அன்றைய பயணத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஒல்லாந்தில் அந்தத் தொழிற்சாலை ஒரு வாய்க்கால் ஓரம் செங்கல் கட்டிடமாக இருந்தது. வாசலில் தடுப்புக் கம்பம், காவல் அறை. வானை உள்ளே விட்டார்கள். எல்ஸ் என்ற பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், காதில் பென்சில். பிரெஞ்சு பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லாக எண்ணி வைப்பதுபோல. முதலில் பாருங்கள், பிறகு உங்கள் துணியைப் பார்க்கிறேன் என்றாள்.

உள்ளே போனதும் மணம். பூரணி நின்று மூச்சை இழுத்தாள்.

“குங்கிலியம்,” என்றாள் மகளிடம்.

கிட்டத்தட்ட அதுதான். மரப்பிசினை உருக்கி, செம்பு உருளைகளால் வெள்ளைத் துணியின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அச்சடித்தார்கள். பிசின் பட்ட இடத்தில் சாயம் ஏறாது. துணி குளிர்ந்ததும் அதை ஒரு கயிறுபோல முறுக்கிக் கசக்கிக்கொண்டு ஒரு மெஷின் இழுத்தது. பிசின் நொறுங்கி வெடித்தது. பிறகு நீலத் தொட்டி. வெடிப்புகளுக்குள்ளால் நீலம் கசிந்து வெள்ளையில் நரம்புபோல ஓடும். ஒரு துணியில் ஓடின மாதிரி இன்னொன்றில் ஓடாது. குளிர்ந்த பிசின் ஏன் நொறுங்குகிறது என்று லக்சிகா தாய்க்குச் சொன்னாள். பூரணி கேட்டாளோ தெரியாது. தொட்டியிலிருந்து மேலே ஏறும் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காற்றுப் படப்பட அது பச்சையிலிருந்து நீலமாக மாறியது.

வரதராசா சேலைக்காரர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். முடிந்த துணி ஒன்றில் பிசின் முழுதாகப் போகாமல் விட்ட வெள்ளைப் பொட்டுகளையும் நரம்புகளையும் சுட்டினார்.

“இது என்ன பிள்ளை, முழுக்கப் பழுது. இப்பிடி ஒரு சேலை வந்தால் நான் திருப்பி அனுப்பிப்போடுவன்.”

லக்சிகா அதை மெதுவாக்கிப் பிரெஞ்சில் சொன்னாள். எல்ஸ் அவரை வேறு ஒரு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு துணி கிடந்தது. நரம்பே இல்லை. வளையங்கள் தெளிவாக, சுத்தமாக இருந்தன. இதுதான் பழுது என்றாள். வரதராசா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைகளை முன்னால் எடுத்துவிட்டார்.

மதாம் தெரேஸ் இவர்களோடு இல்லை. அச்சடிக்கிற மெஷினின் பக்கத்தில் நின்றார். அவருக்கு முன்னால் துணி மேசையளவு உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதன் கரையில் எழுத்தும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதோடு சேர்ந்து நடந்தார். மெஷின் முடிகிற இடம்வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் நடந்தார். உதடு அசைந்தது. பூரணி அவருக்குப் பின்னால் போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றாள்.

“அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது,” என்றார் மதாம் தெரேஸ், திரும்பாமலே. “தன் பெயரைக்கூட எழுதமாட்டார். இதை மட்டும் வாசிப்பார். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிப்பார்.”

பூரணிக்கு அவ்வளவு பிரெஞ்சும் விளங்கியது.

எல்ஸ் அவர்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போனாள். பூரணி தைத்த துணி ஒன்றை மேசையில் விரித்தார்கள். எல்ஸ் கரையைப் பார்த்தாள், மற்றக் கரையைப் பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலைப் பார்த்தாள். பிறகு சொன்னவற்றை லக்சிகா தாய்தகப்பனுக்குச் சொன்னாள்.

எழுத்து முதல் அச்சிலேயே, பிசினோடு விழுகிறது. பிறகு சேர்க்க வழியில்லை. இது தங்கள் துணிதான், பார்த்தாலே தெரியும். ஆனால் அப்படி உறுதி சொல்லித் தரவும் மாட்டார்கள். இங்கே ஒரு துணி தேறாவிட்டால், அது வெளியே போய் விற்பனைக்கு வராதபடி முதலில் கரையைத்தான் வெட்டுவார்கள். பிறகு அரைத்துப் பஞ்சாக்க அனுப்புவார்கள்.

“அப்ப நான் எல்லாத்தையும் கழிவாக்கிப்போட்டன்,” என்றாள் பூரணி.

“நீங்கள் தெரியாமல் செய்தது அம்மா.”

“செய்ததுதானே.”

இன்னொன்றும் இருந்தது. வாங்கினவர் துணியை எப்படியும் வெட்டலாம், அது அவருடைய துணி. விற்கிற கடை வெட்டக்கூடாது. வெட்டியதை விற்கவும் கூடாது. அதைச் சொல்லும்போது எல்ஸ் வரதராசாவைப் பார்த்தாள். பிறகு, அந்த வடிவம் கையிருப்பில் இல்லை, புது அச்சு அடுத்த மாதம்தான் என்று சொல்லி, கோப்பி எடுத்து வரப் போனாள். மதாம் தெரேசின் சடங்கு அடுத்த சனிக்கிழமை. மண்டபம் பிடித்தாயிற்று. தாயின் தங்கைமார் லோமேயிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள்.

அறையில் நான்கு பேரும் இருந்தார்கள். கூரையில் மழை கேட்டது. மதாம் தெரேஸ் தன் கதிரையைப் பூரணியின் பக்கம் திருப்பினார்.

“ஏன் வெட்டினீர்கள்?”

பூரணி மகளைப் பார்த்தாள்.

“சொல்லுங்கோ அம்மா. நான் பிரெஞ்சிலை சொல்லுறன்.”

“செத்தவைக்கு எண்டு எடுக்கிற துணியிலை எழுத்து இருக்கக்கூடாது,” என்றாள் பூரணி.

லக்சிகா அதைச் சொன்னாள். உங்கள் சமயத்தில் அப்படியா என்று மதாம் தெரேஸ் கேட்டார்.

“சமயம் இல்லை. அதெல்லாம் இல்லை.” பூரணி துணியின் கரையை மடித்தாள், நீவினாள். “முகாமிலை எங்களுக்கு எல்லாம் எழுத்துப் போட்ட துணிதான். கூரைக்குப் பிளாஸ்டிக் படங்கு, அதிலை எழுத்து. சாமான் வந்த பையிலை சட்டை தைச்சனான், முதுகிலை எழுத்து. ஆரோ தந்தது எண்டு எல்லாத்திலையும் எழுதியிருந்தது.”

வரதராசா எழும்பி ஜன்னலடிக்குப் போனார். போர் முடிந்த அந்தக் காலத்தில் அவர் பாரிசில், ஒரு றெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். செட்டிகுளம் முகாமைப் படத்தில் பார்த்ததுதான்.

“அம்மா செத்தது அங்கை,” என்றாள் பூரணி. “மூட ஒரு வெள்ளைத் துணி இல்லை. ஒரு கூடாரமாக் கேட்டுத் திரிஞ்சன், ஒருத்தரிட்டையும் இல்லை. பேந்து படங்கிலை ஒரு துண்டு வெட்டித்தான் மூடினது. எழுத்து மேலை தெரியாமல் இருக்கட்டும் எண்டு மடிச்சுப் பார்த்தன். ஒரு பக்கத்தை மடிச்சால் மற்றப் பக்கத்தாலை வருது. அது முழுக்க எழுத்துத்தானே.”

முகாமில் லக்சிகாவுக்கு எட்டு வயது. அந்தப் படங்கின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டுதான் அவள் இங்கிலீஷ் எழுத்துக்களைக் கூட்டிப் பழகினாள். அது அவளுக்கு நல்ல ஞாபகமாகவே இருந்தது. ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

பிரெஞ்சில் சொன்னாள். சுருக்கமாக, எதையும் விடாமல்.

மதாம் தெரேஸ் கேட்டு முடித்துவிட்டுக் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“எங்களிடம் இது தலைகீழ்,” என்றார். “எழுத்து இருந்தால்தான் இறந்தவர் ஏழையில்லை என்று அர்த்தம். பிள்ளைகள் கைவிடவில்லை என்று அர்த்தம்.” துணியின் கரையைத் தொட்டார். “உங்கள் அம்மாவுக்காக வருத்தப்படுகிறேன். உண்மையாக. ஆனால் என் சித்திமார் கரையைத்தான் பார்ப்பார்கள். அவர்களிடம் உங்கள் கதையை நான் சொல்ல முடியாது. சடங்கு என் அம்மாவுடையது.”

“ஓம்,” என்றாள் பூரணி. மகள் சொல்லி முடிக்க முன்னரே சொன்னாள். “அவ சொல்லுறது சரி.”

எல்ஸ் கொண்டுவந்த கோப்பியைக் குடித்தார்கள். வரதராசா பெட்டியைத் திரும்ப ஏற்றினார். தவத்துக்கு என்ன சொல்வது என்று அவர் முகத்தில் ஏற்கெனவே இருந்தது. பூரணி வானில் ஏறும்போது முழங்காலைக் கையால் தூக்கி வைத்தாள்.

வாசல் கம்பம் உயரவில்லை. வெளியே போகிற எல்லா வாகனத்தையும் அங்கே திறந்து பார்ப்பது வழக்கம். காவல்காரர் பின்கதவைத் திறந்தார். ஒரு பெட்டியைத் திறந்து துணியை இழுத்தார். கரையைப் பார்த்தார். இன்னொரு பெட்டி. பிறகு உள்ளே போய்த் தொலைபேசியில் கதைத்தார். வரதராசா இறங்கி, இது எங்கள் சாமான், காலையில் கொண்டுவந்தது என்று தமிழும் பிரெஞ்சும் கலந்து விளக்கினார். காவல்காரருக்கு இரண்டும் தெரியாது. கரை வெட்டிய துணி கேற்றைத் தாண்டக்கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

எல்ஸ் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். காவல்காரரோடு தங்கள் மொழியில் கதைத்தாள். அவளுக்கு இது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது, ஆனாலும் விதியை மாற்ற மாட்டாள் என்பதும் தெரிந்தது. லக்சிகாவிடம் கேட்டாள்.

“இதை ஒருமுறைதான் கேட்பேன். இது கடையின் சரக்கா, வாங்கியவருடைய துணியா? கடைச் சரக்கென்றால் இங்கேயே நிற்க வேண்டும். அரைக்கப் போகும். வாங்கியவருடையது என்றால் எனக்கு அதில் வேலை இல்லை.”

லக்சிகா தமிழில் சொன்னாள். பொய் சொல்ல வரதராசா பின்நிற்கிறவர் இல்லை. ஆனால் வாங்கினவர் என்று காட்ட வேண்டியவர் வானுக்குள் இருந்தார், வாங்க மறுத்தவர்.

பூரணியும் இறங்கி மழையில் நின்றாள். “விடுங்கோ,” என்றாள். “கடைச் சாமான்தானே. இறக்கட்டும்.”

காவல்காரர் முதல் பெட்டியை இறக்கினார். பெட்டி நனைந்த நிலத்தில் பட்டது. அதன் மூடி திறந்திருந்தது. மேல் மடிப்பில் மழை விழுந்து நீலம் கறுத்தது.

வான் கதவு இழுபட்டது. மதாம் தெரேஸ் இறங்கினார். தன் பாவாடையைப் பற்றிய கவலையில்லாமல் குனிந்து பெட்டியை நிலத்திலிருந்து தூக்கினார்.

“இது நிலத்தில் வைக்கிற துணி இல்லை,” என்றார் எல்ஸிடம். “என் அம்மாவின் சடங்குத் துணி. நான் வாங்கினது.”

“எல்லாமுமா?” என்று எல்ஸ் கேட்டாள்.

“எல்லாமும்.”

“கரையை?”

“நான்தான் வெட்டினேன். என் துணி.”

எல்ஸ் அவரைப் பார்த்தாள், பூரணியைப் பார்த்தாள். காவல்காரருக்கு ஒரு சொல் சொன்னாள். கம்பம் உயர்ந்தது.

திரும்பும் வழியில் நனைந்த துணியை மதாம் தெரேஸ் மடியில் விரித்து வைத்திருந்தார். லக்சிகா வானின் சூட்டை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் வரதராசா, லா சப்பலுக்குப் போவதற்கு முன் மதாமைச் சார்செலில் இறக்கிவிடவா என்று கேட்கச் சொன்னார்.

“துணியையும்,” என்றார் மதாம் தெரேஸ்.

பின்னேரம் சார்செலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மழை விட்டிருந்தது. கட்டிடத்து லிஃப்ற் வேலை செய்தது, அதை மதாம் தெரேஸ் ஓர் அதிசயம்போலச் சொன்னார். வரதராசாவும் லக்சிகாவும் பெட்டிகளை வாசல்வரை ஏற்றிவிட்டு, வானை நிறுத்த இடம் தேடக் கீழே போனார்கள். பூரணி கடைசிப் பெட்டியோடு உள்ளே போனாள்.

வரவேற்பறையில் லோமேயிலிருந்து வந்த சித்திமார், மூன்று கிழவிகள், சோபாவில் இருந்தார்கள். குளிருக்குக் கம்பளிச் சட்டை, அதற்கு மேலே துணி, அதற்கு மேலே இன்னொரு துணி. நடுவில் இருந்தவர் கையை நீட்டினார். மதாம் தெரேஸ் ஒரு மடிப்பைக் கொடுத்தார். அவர் விரித்தார், பின்பக்கம் திருப்பினார், நரம்புகளைப் பார்த்தார், முகர்ந்தார். தலையாட்டினார். பிறகு பெருவிரலைக் கரையில் வைத்தார்.

அதன் பிறகு அவர் கதைத்தது பூரணிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நீளமாகக் கதைத்தார். மற்ற இருவரும் இடையிடையே சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கையைத் தலையில் வைத்தார். ஒருவர் இறந்தவரின் படத்தைக் காட்டினார். மதாம் தெரேஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஐம்பது வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல. ஒரு முறை பதில் சொன்னார். அதற்கு இன்னும் கூடுதலாக ஏச்சு விழுந்தது.

பூரணி பெட்டியைக் கீழே வைத்தாள். ஓரடி முன்னுக்குப் போனாள். நெஞ்சில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நான், வெட்டினது நான், என்று தொடங்கினாள்.

மதாம் தெரேஸ் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். கிழவிகளுக்குக் கேட்காத குரலில், அவளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னார்.

“பேசாமல் இரு. நீ வெட்டினது என்றால் அது கடைச் சரக்கு. பிறகு நான் திருப்பித் தர வேண்டும்.”

பூரணி கையைக் கீழே விட்டாள். ஏச்சு ஓயும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் நடுக்கிழவி களைத்துப்போய்த் துணியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். ஏதோ சொன்னார்.

“தையல் மிகச் சின்னது என்கிறார்,” என்றார் மதாம் தெரேஸ். “இதைப் பிரிக்காமல் தையற்காரர் வெட்ட முடியாது. பிரிக்கவே சனிக்கிழமை வந்துவிடும் என்கிறார்.”

பூரணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசையில் ஒரு தையல் பெட்டி இருந்தது. அதிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, சோபாவில் இடம் இல்லாததால், முழங்காலை நீட்டி நிலத்தில் இருந்தாள். முதல் தையலின் முனையைத் தேடிப் பிடித்து நூலை இழுத்தாள். கிழவிகளில் ஒருவர் தன் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்து அவளுக்குப் பின்னால் போட்டார்.

கைத்தொலைபேசி அடித்தது. வரதராசா கீழே இருந்து.

“இடம் கிடைக்கேல்லை. ரோட்டிலை நிக்கிறன். வாறியோ?”

“நீங்கள் போங்கோ. நான் ரெயிலிலை வாறன். நாளைக்கும் இஞ்சைதான் எனக்கு வேலை.”

“என்ன வேலை?”

“தையல் பிரிக்கிற வேலை.”

அவருக்குப் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

“தவம் ரெண்டு தரம் எடுத்துப்போட்டான்,” என்றார். “சுவர் அளக்க எப்ப வாறது எண்டு.”

“அதுக்கு?”

“என்னத்தைச் சொல்ல?”

பூரணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றாள். “எனக்கு இப்ப கதைக்க நேரமில்லை.”

கைத்தொலைபேசியை மடியில் போட்டுவிட்டு அடுத்த துணியை இழுத்துக்கொண்டாள்.